இருதயமேரி இரவல் கொடுத்த வானம்

இருதயமேரி உட்கார்ந்து பார்த்தவர்கள் தாராவியில் யாரும் கிடையாது. அவள் குடியிருக்கும் சந்தில் இதைப் பற்றி இரண்டு கட்சி உண்டு. பிறந்தபோதே நின்றுகொண்டுதான் பிறந்தாள் என்பது ஒரு கட்சி. கல்யாணத்தன்று பங்குச் சாமியார் "சம்மதமா?" என்று கேட்டு முடிப்பதற்குள் மாப்பிள்ளைக்கும் சேர்த்துச் சம்மதம் சொல்லிவிட்டு அவள் கோயில் வாசலுக்குப் போய்விட்டாள், மீதிக் கல்யாணம் வாசற்படியில்தான் நடந்தது என்பது இன்னொரு கட்சி. இரண்டாவதற்குச் சாட்சி இருக்கிறது. கல்யாணப் போட்டோவில் மாப்பிள்ளையும் சாமியாரும் தெளிவாக விழுந்திருக்கிறார்கள். மணப்பெண் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு புகை.

வேலையும் அவளுக்கு ஏற்ற வேலைதான். குர்லாவில் பை தைக்கும் பட்டறை ஒன்றில் செக்கிங். தைத்து வரும் ஒவ்வொரு பையின் ஜிப்பையும் திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்து, சிக்கினால் ஒரு பக்கம், ஓடினால் மறுபக்கம் எறிய வேண்டும். பகலெல்லாம் நின்ற நிலையில் இதையே செய்து செய்து, மூடிக் கிடக்கும் எதையும் மூடிக் கிடக்கவிடாத குணம் அவள் கையில் ஊறிவிட்டது. டப்பா, டிராயர், அடுத்த வீட்டுக் குக்கர், எதுவும் தப்பாது. ஒரு நாள் லோக்கல் ரயிலில் பக்கத்தில் நின்ற அம்மாளின் கைப்பையைத் திறந்து, மூடி, "நல்ல ஜிப்பு" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டாள். போலீஸைக் கூப்பிடுவதா, நன்றி சொல்வதா என்று அந்த அம்மாள் முடிவு பண்ணுவதற்குள் சயான் ஸ்டேஷன் வந்து இவள் இறங்கியும் போய்விட்டாள்.

அவள் புருஷன் மரியசூசை இதற்கு நேர் எதிர். சாத்தான்குளம் பக்கத்திலிருந்து மீசை முளைக்கும் முன்னே பம்பாய் வந்து, ரயில் பெட்டிப் பட்டறையில் பிட்டராக இருக்கும் மனுஷர். வேலை முடிந்து வந்து நாற்காலியில் விழுந்தால் இறக்கி வைத்த மாவு மூட்டைதான். கோபம் வந்தால்கூட அசையமாட்டார், பேச்சை நிறுத்திவிடுவார். ஒரு தவக்காலத்தில் ஏதோ ஒரு சின்ன விஷயத்துக்காக வாயை மூடியவர், ஈஸ்டர் தாண்டி, பெந்தகோஸ்தே திருநாள் தாண்டியும் திறக்கவில்லை. முக்குக் கடைக்காரர், பாவம் இவருக்கு ஏதோ வியாதி என்று நினைத்துச் சைகையிலேயே பீடி கொடுத்துக்கொண்டிருந்தார். இருதயமேரி உலகத்தில் பயந்தது அந்த மௌனம் ஒன்றுக்குத்தான். திட்டினால் திருப்பித் திட்டலாம். கோபித்துக்கொண்டு போனால் பின்னால் ஓடலாம். அசையாமல், பேசாமல் உட்கார்ந்திருக்கும் ஆளை என்ன செய்வது? அந்த நாட்களில் அவள் வீட்டுக்கும் தெருக் குழாய்க்கும் நடந்த நடையில் சந்தின் சிமென்ட் தரை ஒரு விரல் ஆழம் குழிந்துவிட்டது. இன்றைக்கும் மழை பெய்தால் அங்கேதான் தண்ணீர் நிற்கிறது.

மரியசூசைக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு. பழைய காமிக்ஸ்.

எப்போதோ வந்து எப்போதோ நின்றுபோன 'தூமகேது காமிக்ஸ்' என்ற பத்திரிகை. உள்ளே சாணித்தாள், மை அப்பிய கறுப்புப் படங்கள். ஒரு பக்கத்தில் கதாநாயகனுக்கு இருக்கும் மூக்கு அடுத்த பக்கத்தில் வில்லனுக்கு இருக்கும். ஆனால் அட்டை? அட்டைக்கு மட்டும் யாரோ ஒருவர் சாயத்தைக் குழைத்து, பிரஷ்ஷை நனைத்து, ராப்பகலாக வரைந்து தள்ளியிருந்தார். சிறகு முளைத்த குதிரைகள், வெண்கலத்தில் செய்தது மாதிரி ராக்கெட்டுகள், பச்சை முகத்து ராணிகள், மண்டபம் அளவுக்கு நண்டுகள். உற்றுப் பார்த்தால் சாயத்தில் ஒட்டிக்கொண்ட பிரஷ் முடிகூட அச்சில் விழுந்திருக்கும். கல்யாணிலோ சான்பாடாவிலோ எந்தத் தமிழ்க் குடும்பம் வீடு காலி செய்தாலும் மரியசூசை மோப்பம் பிடித்துப் போய், பழைய பேப்பர்காரன் வருவதற்கு முன்னால் கட்டில் அடியில் குனிந்துவிடுவார். இப்படிச் சேர்த்ததையெல்லாம் பள்ளிக்கூடப் புத்தகம் மாதிரி பிரவுன் பேப்பர் அட்டை போட்டு, மேலே பெயர் எழுதி, பிளாஸ்டிக் உறையில் செருகி, போட்மாலாவில் அடுக்கி வைத்திருந்தார். வீட்டுக்குள்ளேயே ஏணி வைத்து ஏறும் மரத் தட்டுதான் போட்மாலா. மனுஷர் அங்கே குனிந்துதான் நிற்க முடியும். காமிக்ஸ் நிமிர்ந்து நின்றது. உறையில் போட்டதை அவர் மறுபடி திறக்கவே மாட்டார். வெளிச்சம் பட்டால் சாயத்துக்கு வயசாகிவிடும் என்பது அவர் கட்சி.

அந்த ஐப்பசிச் சனிக்கிழமை சாயங்காலம், ஏணியிலிருந்து ஒரு பிரவுன் பேப்பர் பொட்டலத்தோடு இறங்கி வந்தார். முகத்தில் அப்படியொரு வெளிச்சம்.

"ஏட்டி மேரி, கிட்டு சார் ஒத்துக்கிட்டாரு."

"எதுக்கு?"

"மாத்திக்கிடதுக்கு. நான் 'ஏழாம் சந்திரனின் ராணி'ய குடுக்கேன், அவரு சிலந்தி ரெண்டாம் பாகத்தத் தாராரு. நாளைக்குப் பூசை முடிஞ்ச கையோட மாட்டுங்கா போறோம்."

இருதயமேரியின் கையில் பருப்பு டப்பா இருந்தது. அதைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள்.

"ராணிய அப்படியே குடுக்கணுமா? அட்டை... அட்டையோடவா?"

"பின்ன? அட்டைக்குத்தான் மதிப்பே. அட்டையோட இருக்க ராணி இந்தப் பம்பாய்லயே எங்கிட்ட மட்டும்தான் இருக்கு. அட்டை இல்லன்னா வீட்டுப் படி ஏறாதேயும்னு சார் பக்காவா சொல்லிட்டாரு."

டப்பா கீழே விழுந்து பருப்பு நாலா பக்கமும் ஓடியது.

கிட்டு சார் யாரென்று சொல்ல வேண்டும். மாட்டுங்காவில் சொந்த பிளாட், இன்ஷூரன்ஸ் ஆபீஸிலிருந்து ரிட்டையர் ஆனவர், பூர்வீகம் பாலக்காடு. அவருக்கும் இதே பைத்தியம். பல வருஷத்துக்கு முன்னால், நாகூர் மீரான் என்பவர் நடைபாதையில் விரித்திருந்த பழைய புத்தகக் கடையில் 'செவ்வாய்ச் சிலந்திகள், பாகம் இரண்டு' என்ற இதழின் ஒரு மூலையை மரியசூசையும் மறு மூலையைக் கிட்டுவும் ஒரே நேரத்தில் பிடித்தார்கள். விடவில்லை. காலையில் பிடித்தது, வெயில் ஏறி இறங்கியும் விடவில்லை. நாகூர் மீரான் இரண்டு பேருக்கும் வாயில் டீ ஊற்றினார். கடைசியில் மரியசூசைக்கு ஒரு தும்மல் வந்தது; கை எடுத்தார்; புத்தகம் போயிற்று. தும்மாமல் இருந்திருந்தால் இரண்டு பேரும் இன்னமும் அங்கேதான் நின்றுகொண்டிருப்பார்கள்.

அதன் முதல் பாகத்தை மரியசூசை ஊரில், முடிவெட்டும் கடையில் வைத்து, சின்ன வயசில் படித்தவர். விண்கல ஓட்டி அமுதன் ஒற்றைச் சிலந்தி நூலைப் பிடித்துக்கொண்டு நெருப்புக் குழிக்கு மேலே தொங்குகிறான், நூல் அறுகிறது, தொடரும். அன்றிலிருந்து அமுதன் தொங்கிக்கொண்டுதான் இருந்தான். கிட்டு சாரோடு சிநேகிதம் ஆன பிறகும், "படிக்கத் தர மாட்டேன், மாத்திக்கறதானா பேசுங்கோ" என்று ஒரே பேச்சு. இப்போதுதான் வழி பிறந்திருக்கிறது. பொட்டலத்தைத் தலைமாட்டில் வைத்துவிட்டு, மரியசூசை தனக்குத்தானே சிரித்துக்கொண்டார்.

அந்தப் பிரவுன் பேப்பருக்குள் அட்டை இல்லை என்று வீட்டில் ஒரு ஆளுக்குத்தான் தெரியும்.

போன கிறிஸ்துமஸ். அன்பியம் என்ற கோயில் தெருக்குழுவில் குடில் போட்டி வைத்திருந்தார்கள். மாட்டுத் தொழுவம், ஆடு, இடையர் எல்லாம் தயார். பின்னால் வைக்க ஒரு வானம் அமையவில்லை. கடையில் விற்கும் நீலத்தாள் பிளாஸ்டிக் வாளி மாதிரி இருந்தது. அப்போதுதான் இருதயமேரி போட்மாலாவில் ஏறி, கை அரித்ததில் உறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். 'ஏழாம் சந்திரனின் ராணி' வந்ததும் கை நின்றது. முன்னட்டையும் பின்னட்டையும் சேர்த்து ஒரே வானம். மையைக் கரைத்து ஊற்றிய மாதிரி கருநீலம், வளையம் போட்ட ஒரு செம்மஞ்சள் கிரகம், குறுக்கே வால் நீட்டிப் பறக்கும் தூமகேது. பெத்லகேமுக்கு மேலே இதைவிட நல்ல வானம் இருந்திருக்காது. ஸ்டேப்ளர் பின்னை மெதுவாக நிமிர்த்தி அட்டையை மட்டும் கழற்றினாள். மிச்சத்தைப் பிரவுன் பேப்பருக்குள்ளேயே வைத்து மூடினாள். மைதாப் பசை காய்ச்சி, வானத்தை ஒரு பழைய பெட்டியின் அட்டையில் ஒட்டினாள். பத்திரிகைப் பெயருக்கு மேலே வெள்ளித்தாள் நட்சத்திரங்கள். குதிரைமேல் உட்கார்ந்திருந்த பச்சை ராணியை மறைக்கப் பஞ்சில் ஒரு மேகம். குடிலுக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது.

குடிலைப் பிரிக்கும் மூன்று ராஜாக்கள் திருநாள் ஆனதும் ஈரத்துணி வைத்து உரித்துப் பழையபடி பொருத்திவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் அது ஒரு இடத்தில் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை. நாளைக்கு, நாளைக்கு என்று வானம் குடில் மூட்டையிலேயே கிடந்தது. ஆவணியில் கணபதி வந்தபோது அடுத்த சந்து மாரீஸ்வரி, "யக்கா, டெக்கரேஷன் சாமான் இருந்தா குடேன்" என்று வாசலில் நின்றாள். குர்லா வேலைக்கு ஓடிக்கொண்டிருந்த இருதயமேரி, செருப்பை மாட்டிய காலோடு மூட்டையை அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அந்தச் சந்துகளில் இது வழக்கம். சீரியல் லைட்டும் தெர்மாகோல் தூணும் ஒரு சாமி வீட்டிலிருந்து அடுத்த சாமி வீட்டுக்கு நடந்துகொண்டே இருக்கும். யாருடையது என்று யாரும் கேட்பதில்லை.

பருப்பைக்கூடப் பொறுக்காமல் இருதயமேரி மாரீஸ்வரி வீட்டுக்குப் பறந்தாள்.

"ஏ மாரி, எங்க குடில்ல வச்ச ஆகாசத்த எங்க?"

"ஆகாசமா? அய்ய யக்கா, கணபதிக்கு அதாம்லா பேக்ரவுண்டு! ஸ்டாருக்கு ஸ்டாரு ஓட்ட போட்டு, பின்னால லைட்டு விட்டோம். மினுமினுன்னு என்னா ஷோ! காலனிக்காரனுவ எல்லாம் போட்டா எடுத்தானுவ."

"ஓட்ட போட்டியா?"

"சின்ன ஓட்டதான். கொஞ்சம் தங்கக் கலர் ஜிகினா தூவுனோம். நீ ஏன்க்கா டென்ஷன் ஆவுத?"

"இப்ப அது எங்கட்டி?"

"அகிலாண்டம் வாங்கிட்டுப் போனா. அவ சமையலுக்குப் போற வீட்ல கொலுவாம். போன் அடிச்சிப் பாரு."

போன் அணைந்து கிடந்தது. முன்பு அதே சந்தில் இருந்த அகிலாண்டம் இப்போது மகன் வீட்டோடு செம்பூரில் இருந்தாள். இருதயமேரி சயான் போய், வந்த முதல் பஸ்ஸில் தொற்றினாள். பஸ் சிக்னலில் நின்றபோதெல்லாம் இவள் உள்ளேயே முன் வாசலுக்கும் பின் வாசலுக்கும் நடந்தாள். பாதி வழியில் டிராபிக் பிடித்துக்கொண்டதும் இறங்கி நடக்க ஆரம்பித்தாள். அந்த பஸ் அவளுக்கு அப்புறம்தான் செம்பூர் வந்து சேர்ந்தது. டிரைவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்ததாகப் பேச்சு.

அகிலாண்டம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டு, ஒரு தண்டை ஒடித்து எறிந்தாள்.

"அந்தப் படமா? மாமிக்கு ரொம்பப் பிடிச்சிப் போச்சு. மேல்படிக்குப் பின்னால வச்சி, முன்னால பெருமாள் பொம்மைய வச்சாங்க. பாற்கடலுக்கு மேல வானம் கணக்கா அம்சமா இருந்துச்சி."

"எந்த மாமி? எந்த வீடு?"

"மாட்டுங்காதான். விஜயலக்ஷ்மி மாமி. வீட்டுக்காரர்கூட இந்தப் படக்கதை புஸ்தகம் எல்லாம் பீரோவுல பூட்டி வச்சிருப்பாரே, கிட்டு சார்னு..."

வானம் ஊரெல்லாம் சுற்றிவிட்டு, கடைசியில் யார் கண்ணில் படக் கூடாதோ அவர் வீட்டு நடுக்கூடத்திலேயே போய் உட்கார்ந்திருந்தது.

மறுநாள் முதல் பூசைக்கே அவள் போய்விட்டாள். "நீங்க ரெண்டாம் பூசை பாத்துட்டு நேரா மாட்டுங்கா வந்துருங்க, எனக்கு அங்கன ஒரு சோலி இருக்கு" என்று மரியசூசையிடம் சொல்லியிருந்தாள். நற்கருணை வாங்கிய வாய் மூடவில்லை, அதற்குள் மாட்டுங்காவில் பூக்கடைகளைத் தாண்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரே ஒரு யோசனைதான். மாமியிடம் கெஞ்சிக் கேட்டு வானத்தை வாங்குவது. கீழே வாசலிலேயே நிற்பது. மரியசூசை வந்ததும் பொட்டலத்தைக் கையில் வாங்கி, திரும்பி நின்று ஒரே செருகு. ஓட்டைக்கும் ஜிகினாவுக்கும் பதில் சொல்ல வேண்டியதுதான். அட்டை என்று ஒன்று இருந்தாலாவது அவர் நாலு வார்த்தை திட்டுவார். இல்லவே இல்லை என்றால் அந்த மௌனம் அடுத்த ஈஸ்டர்வரை போகும்.

கதவைத் திறந்த விஜயலக்ஷ்மி மாமிக்கு வாயெல்லாம் பல். "வா வா, இருதயமேரி! அவர் குளிச்சிண்டிருக்கார். உள்ள வா."

இருதயமேரி அடுப்படியில் நின்று விஷயத்தில் பாதியைத்தான் சொன்னாள். "மாமி, கொலுவுல வச்ச அந்த ஆகாசம் எங்க வீட்டோடது. வேண்டியிருக்கு."

"ஐயோ, உன்னோடதா? இரு, காட்டறேன். எத்தனை நன்னா வெச்சிருக்கேன் பாரு." மாமி உள்ளே போய் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தாள். "யாரோ பெட்டி அட்டைல ஒட்டி வெச்சிருந்தா. ஈரத்துணி போட்டு மெள்ள மெள்ள உரிச்சேன். ரெண்டு மத்தியானம் ஆச்சு. அப்பறம் இஸ்திரி போட்டேன். அப்பறம் ஸ்டேஷன் கிட்ட ஜெராக்ஸ் கடைல குடுத்து லாமினேஷன் பண்ணிட்டேன், ரெண்டு பக்கமும்! இனிமே தண்ணி கொட்டினாலும் ஒண்ணும் ஆகாது, கேட்டியா."

வானம் பளபளத்தது. கிரகத்தின் வளையம், வால் நீட்டிய தூமகேது, பல்புக்காகப் போட்ட ஓட்டைகள், ஜிகினா, ராணியின் கன்னத்தில் பிய்ந்து வராமல் ஒட்டிக்கொண்ட பஞ்சு, எல்லாமே பிளாஸ்டிக்குக்குள் சமாதி ஆகியிருந்தன. அதை இனி எந்தப் புத்தகத்திலும் சேர்க்க முடியாது.

இருதயமேரி அரிசி டிரம்மின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் உட்கார்ந்ததைப் பார்த்துத்தான் மாமிக்கு விபரீதம் புரிந்தது. மிச்சக் கதையையும் கேட்டாள். "அப்போ... இது அந்த அட்டையா? நேத்திலேர்ந்து அவர் 'ராணி வரா, ராணி வரா'ன்னு குதிச்சிண்டிருக்காரே, அது இதா? நானா லாமினேஷன் பண்ணினேன்? பகவானே!"

காலிங் பெல் அடித்தது. மரியசூசை. கிட்டு சாரும் திருநீற்றோடு கூடத்துக்கு வந்துவிட்டார்.

"வாங்கோ மரியசூசை. கொண்டு வந்தேளா?"

"கொண்டாந்துட்டேன் சார். நீங்க ஒங்களுத எடுங்க."

கிட்டு பீரோவைத் திறந்து சிலந்தி இரண்டாம் பாகத்தை மேஜைமேல் வைத்தார். கோபுர உயரத்துக்கு ஒரு சிலந்தி, எட்டுக் கண். ஒவ்வொரு கண்ணிலும் தனித்தனியாகத் தொங்கும் குட்டி அமுதன். மரியசூசை தன் பொட்டலத்தை அதற்குப் பக்கத்தில் வைத்து, பிளாஸ்டிக்கை உருவி, பிரவுன் பேப்பரைப் பிரித்தார்.

சாணித்தாளின் முதல் பக்கம் இரண்டு பேரையும் பார்த்தது.

"என்னதிது?" என்றார் கிட்டு. "தலையைக் காணுமே? முண்டத்தைக் கொண்டு வந்திருக்கேள்?"

மரியசூசை பிரவுன் பேப்பரைத் திருப்பினார். உதறினார். பிளாஸ்டிக் உறைக்குள் கையை விட்டுத் துழாவினார். அப்புறம் மெதுவாக நாற்காலியில் சாய்ந்தார். கை இரண்டும் முழங்காலில். கண் சுவரில். அடுப்படி வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த இருதயமேரிக்கு அந்தச் சாய்வு தெரியும். தவக்காலத்தில் பார்த்த அதே சாய்வு.

"ஓய், பேசுமேன்" என்றார் கிட்டு.

மாமிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கலந்த காபி ஆறிக்கொண்டிருந்தது. வானத்தை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் காபித் தட்டுக்கு அடியில் கொடுத்து, அப்படியே தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்து மேஜையில் வைத்தாள். தட்டு சின்னது. வானம் பெரியது. ஒரு பக்கம் செம்மஞ்சள் கிரகம் வளையத்தோடு எட்டிப் பார்த்தது. மறு பக்கம் தூமகேதுவின் வால்.

டபராவை எடுக்க நீண்ட கிட்டுவின் கை அந்தரத்தில் நின்றது. தட்டைத் தூக்கினார். கீழே பார்த்தார். மரியசூசையின் கண்ணும் சுவரிலிருந்து இறங்கி வந்தது.

"ராணி!" என்றார் கிட்டு.

இனி மறைக்க என்ன இருக்கிறது? இருதயமேரி பாய்ந்து வந்து எல்லாவற்றையும் கொட்டினாள். "நான்தான் கழத்துனேன். குடிலுக்கு வானம் இல்லன்னு. பொறவு மாரி கேட்டா குடுத்தேன், அவ கணபதிக்கு வச்சா, அகிலாண்டம் கொலுவுக்குக் கொண்டாந்துட்டா. மாமி மேல தப்பே இல்ல. என்னைய என்ன வேணா சொல்லுங்க, ஆனா சொல்லிருங்க. பேசாம மட்டும் இருக்காதீங்க."

மரியசூசை வானத்தைக் கையில் எடுத்தார். ஓட்டை வழியாகக் கூரையைப் பார்த்தார். பஞ்சு ஒட்டிய ராணியின் கன்னத்தைத் தடவினார். இருதயமேரி தன் தாலிச் செயினின் கொக்கியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக நின்றாள்.

"குடில்லயா இருந்துச்சி?" என்றார் கடைசியில். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "நம்ம வீட்டுக் குடில்லயா?"

"ஆமா."

"நான் தெனமும் முழங்கால் போட்டு செபம் சொன்னேனே, அந்தக் குடில்லயா? 'இந்த வருசம் வானம் நல்லாருக்குட்டி'ன்னு நானேல்லா சொன்னேன்?"

"ஆமாங்க. நீங்கதான் சொன்னீங்க."

கிட்டு சிரிக்க ஆரம்பித்தார். "ஏன் ஓய், பிரஷ் முடியை வெச்சே எந்த வருஷத்து இஷ்யூன்னு சொல்லிடுவேன்னு பெருமை அடிச்சுப்பீரே? மூக்கு முன்னாடி இருந்தும் தெரியலையா?"

"நீங்க எங்க உட்கார்ந்து சகஸ்ரநாமம் சொன்னேள்?" என்றாள் மாமி, புருஷனைப் பார்த்து.

கிட்டுவின் சிரிப்பு பாதியில் நின்றது.

"கொலு வெச்ச ஒன்பது நாளும் இதுக்கு நேரே சம்மணம் போட்டுண்டு உட்கார்ந்திருந்தேளே! ஆரத்தி எடுக்கறச்சே ‘பேஷ் விஜி, அந்தரிக்ஷம் அமோகமா இருக்கு’ன்னு சொன்னது யாரு? பிளாஸ்டிக் உறைக்குள்ள இருந்தாத்தான் உங்களுக்கெல்லாம் கண்ணு தெரியுமாக்கும்!"

இரண்டு ஆண்களும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஆளுக்கொரு மூலையைப் பார்த்தார்கள்.

"சரி சார், நான் வாறேன்" என்று மரியசூசை எழுந்தார். "அட்டை இல்லன்னா பேச்சே இல்லன்னு சொன்னீங்க. நாயம்தான்."

"உட்காருங்கோ" என்றாள் மாமி. "அட்டையை லாமினேஷன் பண்ணினது இந்த ஆத்துல. அதுக்கு இந்த ஆத்துக்காரா பதில் சொல்லணுமா வேண்டாமா? அந்தச் சிலந்தியைக் குடுங்கோன்னா. எடுத்துண்டு போக வேண்டாம், இங்கேயே படிக்கட்டும்."

"விஜி, அதை நான் பிரிச்சே பத்து வருஷம்..."

"பிரியுங்கோ."

கிட்டு பிரித்தார். கொடுத்தார். கொடுக்கும்போது ஒரு மூலையை விடாமல் பிடித்திருந்தார். மாமி பார்த்த பார்வையில் விட்டார்.

மரியசூசை சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு முதல் பக்கத்தைத் திருப்பினார். உதடு மட்டும் அசைந்தது. மறுபடியும் அவர் மௌனத்துக்குள் போய்விடுவாரோ என்று இருதயமேரி இரண்டு எட்டு முன்னால் வந்தாள்.

"சத்தமா படிங்களேன்" என்றாள். "எனக்கும் கேக்கட்டும்."

அவர் கண்ணாடிக்கு மேலே அவளைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். படித்தார்.

அமுதன் நூல் அறுந்து விழுந்தான். நெருப்புக் குழியிலிருந்து கிளம்பிய ஆவி அவனைத் தூக்கி எறிந்தது. சிலந்திப் படை துரத்தியது. மரியசூசை ஆரம்பத்தில் ஞாயிற்றுக்கிழமை வாசகம் மாதிரிதான் படித்தார்; இரண்டு பக்கம் போனதும் சிலந்திக்கு ஒரு குரல், அமுதனுக்கு ஒரு குரல் வந்துவிட்டது. குண்டு வெடிக்கும் இடத்தில் மேஜையைத் தட்டினார். காபி துள்ளியது. "மெள்ள, மெள்ள, பக்கம் கிழியப் போறது!" என்று கிட்டு அலறிக்கொண்டே, பக்கத்தைத் திருப்பச் சொல்லித் தானே அவசரப்படுத்தினார். இருதயமேரி ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டே கேட்டாள். அமுதன் ஓடும்போது அவளும் வேகமாக நடந்தாள். கடைசிப் பக்கத்தில் சிலந்தி ராணி அமுதனைக் குகைக்குள் தூக்கிப் போய், எட்டுக் கண்ணிலும் கண்ணீர் வழிய, "அமுதா! நான் யார் தெரியுமா?" என்று கேட்டது.

"ம், யாரு?" என்றாள் இருதயமேரி.

மரியசூசை பக்கத்தைத் திருப்பினார். பல்பொடி விளம்பரம்.

"தொடரும்னு போட்டிருக்கு."

"மூணாம் பாகம் வரவே இல்லை" என்றார் கிட்டு, ஏதோ தானே அச்சை நிறுத்திவிட்ட மாதிரி. "அதோட பத்திரிகை நின்னுபோச்சு. அதனாலதான் நான் யாருக்கும் படிக்கக் குடுக்கலை. இந்தக் கஷ்டம் என்னோட போகட்டும்னு."

திரும்பும்போது இருவரும் தாராவிக்கு நடந்தே போனார்கள். ராணியின் வானம் ஒரு துணிப்பையில் இருந்தது. முண்டம் பிரவுன் பேப்பரில். இருதயமேரி முன்னால் போய், நின்று, திரும்பி வந்து, மறுபடி முன்னால் போனாள்.

"அது அவன் அம்மாவா இருக்கும்" என்றாள்.

"யாரு?"

"சிலந்தி."

அவ்வளவுதான். மரியசூசை நடுரோட்டில் நின்றுவிட்டார். "எட்டுக் காலுட்டி அதுக்கு! மனுசன் எப்படிட்டி பொறப்பான்? முதப் பாகத்துல அமுதன் அம்மா படகுல போறான்னு தெளிவா வருது. அப்போ அவ செவ்வாய்க்கு எப்படிப் போனா? மந்திரவாதி மாத்திட்டான்னு சொன்னாலும்..." சயான் வரை பேசினார். சிக்னலில் பேசினார். ரோடு கடக்கும்போது ஆட்டோக்காரன் "அரே சாச்சா, மரணா ஹை க்யா?", சாக ஆசையா என்று இந்தியில் கத்தியபோது அவனிடமும் தன் ஒரு காலைத் தூக்கி ஆதாரமாகக் காட்டிப் பேசினார். முக்குக் கடைக்காரர் வழக்கம்போலச் சைகையில் பீடி நீட்ட, மரியசூசை விண்கலத்தின் எரிபொருள் பற்றி அவருக்கு விளக்க ஆரம்பித்ததும் அந்த மனுஷர் கையிலிருந்த பீடிக்கட்டு கீழே விழுந்தது. இவ்வளவு வார்த்தை அவரிடம் இருந்ததே கல்யாணமாகி இத்தனை காலத்தில் இருதயமேரிக்குத் தெரியாது. சந்து முனை வந்தபோது அவளுக்குத் தலை கிறுகிறுத்தது.

"செத்த நேரம் வாய மூடிட்டு வாங்களேன்" என்றாள்.

மரியசூசை மூடினார். நாலு எட்டு வைத்தார். நின்றார்.

"சரி, அம்மான்னே வச்சிக்கிடுவோம்" என்றார். "அப்போ அப்பன் யாரு?"